ஞாயிறு வேறு, வெயில் வேறு: விண்வெளி மென்பொருளில் ஒளியும் வெப்பமும்

2019ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் வளையச் சூரிய கிரகணம் ஒன்று நிகழ்ந்தது. அன்று காலையில் கோயம்புத்தூர், திண்டுக்கல் ஆகிய ஊர்களின் வழியே சென்ற நிலவின் நிழல், யாழ்ப்பாணத்தைத் தொட்டுக் கடல் கடந்து, பிற்பகல் ஒன்றரை மணிக்குச் சற்று முன்னர் சிங்கப்பூரை அடைந்தது. தமிழ் வழங்கும் மூன்று நாடுகளை ஒரே நாளில் ஒரே நிழல் கடந்து சென்ற நிகழ்வு அது. சிங்கப்பூரில் அப்போது ஞாயிற்றின் முகத்தில் ஏறத்தாழ 94 விழுக்காட்டுப் பரப்பை நிலவு மறைத்தது. ஒளி சற்று மங்கியது. வெயிலின் சூடு தணிந்தது. ஆயினும் பகல் பகலாகவே இருந்தது.

இந்நிகழ்வைக் கணினியில் மீண்டும் படைக்க ஒரு மாணவர் முற்படுகிறார் என வைத்துக்கொள்வோம். 94 விழுக்காடு மறைந்தது என்ற செய்தியைக் கொண்டு, திரையின் ஒளியையும் 94 விழுக்காடு குறைக்கிறார். திரை இருண்டுவிடுகிறது; சிராங்கூன் சாலை நள்ளிரவுபோல் காட்சியளிக்கிறது. அவர் செய்த கழித்தலில் பெரும்பிழை இல்லை. எனினும், அன்று வெளியே நின்று கண்டவர்கள் அக்காட்சியைக் கண்டவுடன் மறுப்பார்கள். கணக்கு ஏறத்தாழச் சரியாகவும் காட்சி முற்றிலும் பிழையாகவும் அமைவது எங்ஙனம்? இவ்வினாவிலிருந்தே நம் உரையைத் தொடங்குகிறோம்.

வானத்தைக் கணினித் திரையில் காட்டும் மென்பொருள்கள் இன்று வகுப்பறைகளுக்குப் புதியவை அல்ல. 2000ஆம் ஆண்டில் பிரெஞ்சு நிரலாளர் ஃபேபியன் ஷெரோ தொடங்கிய ஸ்டெல்லேரியம், 2001இல் கிறிஸ் லாரல் வெளியிட்ட செலஸ்டியா ஆகியவற்றை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். கோள்களுக்கிடையே கலம் செலுத்தும் கணினி விளையாட்டுகளும் உள்ளன. செயற்கைக்கோளை வடிவமைக்கும் பொறியாளர்களுக்கும் வேறு வகையான மென்பொருள்கள் உண்டு. இவை அனைத்தும் ஒரே கேள்விக்கு விடை காண முயல்கின்றன: ஒரு விண்பொருளிலிருந்து வரும் ஒளியும் வெப்பமும் இன்னோர் இடத்தில் என்ன செய்யும்?

தமிழ் வகுத்துத் தரும் வேறுபாடு

இக்கேள்விக்குள் நுழைவதற்கு நம் மொழியே ஒரு வாயிலைத் திறந்து வைத்திருக்கிறது. வானில் ஒளிரும் பொருள் ஞாயிறு. அதிலிருந்து நம்மை வந்தடைவது வெயில். ஞாயிறு சுடுகிறது என்பதைவிட வெயில் சுடுகிறது என்பதே நம் இயல்பான வழக்கு. ஊற்றுக்கு ஒரு பெயரும் வரவுக்கு ஒரு பெயருமாக நாம் பிரித்து வழங்கும் இவ்விரண்டையும் இயற்பியலும் பிரித்தே அளக்கிறது.

ஞாயிறு ஒவ்வொரு விநாடியும் வெளிவிடும் மொத்த ஆற்றல் அதன் ஒளித்திறன் எனப்படும். 3.8 என்ற எண்ணை 26 முறை பத்தால் பெருக்கினால் கிடைக்கும் அளவு வாட் அது. கேட்பவர் எங்கே இருந்தாலும் இவ்வெண் மாறாது. ஆனால் புவியின் தொலைவில், காற்று மண்டலத்திற்கு வெளியே, ஞாயிற்றை நேர்நோக்கிய ஒரு சதுர மீட்டர் பரப்பில் வந்து விழுவது ஏறத்தாழ 1361 வாட் மட்டுமே. இதுவே வெயில். இது இடத்திற்கு இடம் மாறும்.

புதிதாக நிரல் எழுதுவோர் பலர் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றனர். ஞாயிற்றுக்கு ஒளி அளவு 1 என்று எழுதி, எல்லாக் கோள்களுக்கும் அதே அளவை வழங்குகின்றனர். படம் அழகாகவே வரும். புதனும் புளூட்டோவும் ஒரே வெயிலில் காயும்.

'வெயில்' என்னும் சொல் மற்றொன்றையும் கற்பிக்கிறது. அச்சொல்லில் ஒளியும் வெப்பமும் பிரியாமல் இருக்கின்றன. துணி உலர்வதும் வெயிலில். கண் கூசுவதும் வெயிலில். ஆனால் பல மென்பொருள்களில் ஒளியை ஒருவர் எழுதுகிறார்; வெப்பத்தை இன்னொருவர் வேறு இடத்தில் வேறோர் எண்ணாக எழுதுகிறார். இரண்டுக்கும் தொடர்பு இருப்பதில்லை. மலையின் நிழலில் நிற்கும் கலம் திரையில் இருண்டு தெரியும். அதன் வெப்பமானியோ வெயிலில் நிற்பதாகவே காட்டும். ஒளியையும் வெப்பத்தையும் ஒரே ஊற்றிலிருந்து ஒரே கணக்கில் பெறுவதுதான் நல்ல மென்பொருளின் முதல் இலக்கணம்.

தொலைவும் சாய்வும்

தீபாவளிக் காலத்தில் லிட்டில் இந்தியாவில் ஒளியூட்டு நடைபெறும்போது, ஒரு விளக்கை அருகில் நின்றும் தொலைவில் நின்றும் பாருங்கள். விளக்கு வெளிவிடும் ஒளி மாறுவதில்லை. தொலைவு இரு மடங்கானால் அதே ஒளி நான்கு மடங்கு பரப்பில் பரவ வேண்டியிருக்கிறது. ஆகவே ஒவ்வொரு பரப்புக்கும் நான்கில் ஒரு பங்கே கிடைக்கிறது. இதுவே தொலைவின் வர்க்கத்திற்கு எதிர்விகிதத்தில் ஒளி குறையும் விதி. புவியைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு தொலைவில் உள்ள செவ்வாயில் வெயில் 590 வாட் அளவுக்குக் குறைகிறது. 5.2 மடங்கு தொலைவில் உள்ள வியாழனில் அது 50 வாட்தான்.

தொலைவுக்கு அடுத்தது சாய்வு. கதிர் நேராக விழும் பரப்பில் வெயில் முழுமையாகக் கிடைக்கும். சாய்ந்து விழுந்தால் அதே கதிர் அகன்ற பரப்பில் பரவி மெலியும். நிலநடுக்கோட்டிற்கு வடக்கே 1.3 பாகையில் அமைந்த சிங்கப்பூரில், டிசம்பர் மாத நண்பகலில்கூட ஞாயிறு உச்சியிலிருந்து ஏறத்தாழ 25 பாகையே விலகுகிறது. சாய்வினால் இழப்பது ஏறத்தாழ 9 விழுக்காடு. அதே நாளில் சென்னை இழப்பது ஏறத்தாழ 20 விழுக்காடு. இலண்டனோ முக்கால் பங்குக்குச் சற்றே குறைவாக இழக்கிறது. நமக்குக் குளிர்காலம் இல்லை என்பதன் அடிப்படை இந்தச் சாய்வுக் கணக்கில் இருக்கிறது. புவி ஞாயிற்றிலிருந்து விலகுவதால் குளிர்காலம் வருகிறது என்று நம்பும் மாணவருக்கு, நேர்மையாகக் கணக்கிடும் ஒரு மென்பொருள் அரைமணி நேரத்தில் உண்மையை உணர்த்திவிடும்.

ஒளி குறைவதும் வெப்பநிலை குறைவதும் ஒரே வேகத்தில் நிகழ்வதில்லை என்பதையும் இங்கே குறிக்க வேண்டும். புளூட்டோ சராசரியாகப் புவியைவிட 39.5 மடங்கு தொலைவில் உள்ளது. அங்கே விழும் வெயில் நாம் பெறுவதில் ஏறத்தாழ 1560இல் ஒரு பங்கு. ஆகவே புளூட்டோவின் பகல் காரிருள் என்று எண்ணத் தோன்றும். ஆனால் முழுநிலவின் ஒளி, வெயிலில் ஏறத்தாழ 4 இலட்சத்தில் ஒரு பங்குதான். கணக்கிட்டால், புளூட்டோவின் நண்பகல் நம் முழுநிலவு இரவைவிட 250 மடங்கு ஒளி மிக்கது. அங்கே நின்று நூல் படிக்கலாம். ஆனால் அங்கே வைத்த ஒரு கரிய உருண்டையின் வெப்பநிலை மைனஸ் 229 பாகை செல்சியஸாக இருக்கும். கண் பொறுத்துக்கொள்ளும் குறைவை வெப்பநிலை பொறுத்துக்கொள்வதில்லை.

கண்ணும் திரையும்

இப்போது கிரகணத்திற்குத் திரும்புவோம். தெளிந்த வானில் நண்பகல் வெயிலின் ஒளியளவு ஏறத்தாழ 1 இலட்சம் லக்ஸ். ஞாயிற்றின் வட்டத்தில் நடுப்பகுதி மிகுதியாகவும் விளிம்பு குறைவாகவும் ஒளிரும். அன்று மறையாமல் எஞ்சிய வளையம் விளிம்பு மட்டுமே. ஆகவே 6 விழுக்காட்டுப் பரப்பு எஞ்சினாலும், எஞ்சிய ஒளி ஏறத்தாழ 4 விழுக்காடுதான். அதாவது 4000 லக்ஸ். விளக்கேற்றிய நல்ல வகுப்பறையின் ஒளியளவோ சில நூறு லக்ஸ். கிரகணத்தின் உச்சத்தில்கூட வெளியே இருந்த ஒளி வகுப்பறை ஒளியைப்போல் பல மடங்காகும். நம் கண் ஒளியைக் கூட்டல் முறையில் உணர்வதில்லை. பெருக்கல் முறையில் உணர்கிறது. பத்து மடங்கு குறைவதை ஒரு படி இறங்குவதாகவே அது எடுத்துக்கொள்கிறது. முன்னர்க் கூறிய மாணவர் ஞாயிற்றைக் கணக்கிட்டார். கண்ணைக் கணக்கிட மறந்தார்.

கணினித் திரைக்கும் ஓர் எல்லை உண்டு. வெயிலுக்கும் நிலவொளிக்கும் இடையேயுள்ள 4 இலட்சம் மடங்கு வேறுபாட்டைச் சாதாரணத் திரை காட்ட இயலாது. எனவே மென்பொருள் முதலில் உண்மையான அளவுகளில் கணக்கிட்டு, அதன் பின்னரே கண் பழகும் முறைக்கேற்ப அவற்றைத் திரையின் எல்லைக்குள் ஒடுக்க வேண்டும். இவ்வரிசை மாறினால் பிழை புகும். நிலவில் இறங்கிய அப்போலோ வீரர்கள் எடுத்த படங்களில் விண்மீன்கள் ஏன் இல்லை என்று மாணவர்கள் அடிக்கடி வினவுவர். வெயில் பட்ட நிலத்தைப் பதிவு செய்யும் அளவுக்கு ஒளிப்படக் கருவியை அமைத்தால் மங்கிய விண்மீன்கள் பதியா என்பதே விடை. வெயில் பட்ட நிலத்தையும் விண்மீன் கூட்டத்தையும் ஒருசேர மின்னச் செய்யும் மென்பொருள் அழகுக்காக உண்மையைச் சற்று வளைக்கிறது. வளைப்பது குற்றமன்று, வளைத்திருப்பதை மாணவர் அறியாதிருப்பதே குறை.

விண்மீனின் நிறம்

பொருள் சூடேறச் சூடேற அதன் ஒளி செம்மையிலிருந்து மஞ்சளாகி, வெண்மையாகி, நீலச்சாயல் கொள்ளும். நம் முன்னோர் பெயரிட்டு வழங்கிய விண்மீன்களே இதற்குச் சான்று. செந்நிறத் திருவாதிரையின் மேற்பரப்பு ஏறத்தாழ 3500 கெல்வின், உரோகிணி 3900, சுவாதி 4300, நம் ஞாயிறு 5772, நீலச்சாயல் கொண்ட சித்திரையோ 20,000 கெல்வினையும் தாண்டியது. ஆகவே ஒரு விண்மீனின் வெப்பநிலையையும் ஆரத்தையும் மட்டும் கொடுத்தால் போதும். அதன் நிறம், ஒளித்திறன், அது தரும் வெப்பம் ஆகிய மூன்றையும் மென்பொருள் தானே கணித்துக்கொள்ளும். நிறத்தை ஓவியர் தனியே தீட்ட வேண்டியதில்லை.

ஆயினும் பட்டியலில் உள்ள எண் வானமாகிவிடாது. 2019ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து 2020 பிப்ரவரி வரை திருவாதிரை வெறுங்கண்ணுக்கே தெரியும்படி மங்கியது. அது வெளியேற்றிய தூசி தன் முகத்தையே மறைத்தது முதன்மையான காரணம் என்று ஆய்வாளர்கள் பின்னர் விளக்கினர். அந்நாள்களில் பழைய பட்டியலின் மாறாத அளவையே நம்பிய மென்பொருள்களில் திருவாதிரை வழக்கம்போல் ஒளிர்ந்தது. சாளரத்தைத் திறந்து பார்த்தவருக்கே உண்மை தெரிந்தது.

காற்றின் பங்கும் ஒரு தமிழரின் நூலும்

புவியை அடையும் ஒளி காற்றினுள் நுழைந்ததும் சிதறுகிறது, உறிஞ்சப்படுகிறது, மீண்டும் சிதறுகிறது. வானம் நீலமாவதும் அந்தி சிவப்பதும் இதனால்தான். ஓர் ஊடகத்தினுள் ஒளி இவ்வாறு பயணம் செய்வதைக் கணித வடிவில் முறைப்படுத்தியவர்களுள் முதன்மையானவர் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர். கதிர்வீச்சுக் கடத்தலைப் பற்றிய அவரது நூல் 1950இல் வெளிவந்தது. விண்மீன்களின் வளிமண்டலத்தை ஆராய எழுதப்பட்ட அந்நூலின் சமன்பாடுகளைப் பிற்காலத்தில் கணினி வரைகலை ஆய்வாளர்கள் மேகம், புகை, பனிமூட்டம் ஆகியவற்றை வரைவதற்கு எடுத்தாண்டனர். கிரகணத்தன்று எஞ்சிய ஒளியைக் கணக்கிட நாம் பயன்படுத்திய விளிம்பு மங்கலும் இத்துறையைச் சார்ந்ததே. சந்திரசேகருக்கு 1983இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. விண்வெளி மென்பொருளில் தமிழருக்கு என்ன தொடர்பு என்று கேட்கும் மாணவருக்கு இது ஒரு விடை.

வெப்பத்திலும் காற்றுக்குப் பெரும்பங்கு உண்டு. எதிரொளிக்கும் 30 விழுக்காட்டை நீக்கிவிட்டுக் கணக்கிட்டால், புவியின் சராசரி வெப்பநிலை மைனஸ் 18 பாகை செல்சியஸாக இருக்க வேண்டும். உண்மையில் அது ஏறத்தாழ 15 பாகை. இடையிலுள்ள 33 பாகையும் வளிமண்டலம் போர்த்திய போர்வையின் கொடை. வெள்ளியில் இப்போர்வை மிகத் தடித்தது. புதனைவிட ஞாயிற்றுக்குத் தொலைவில் இருந்தும் அதன் தரை 460 பாகையளவில் கொதிக்கிறது. தொலைவை மட்டும் கொண்டு வெப்பநிலையைக் கணக்கிடும் மென்பொருள் இங்கே தோற்றுப்போகும்.

பிழை பொறுக்காத இடம்

இதுவரை கூறியவை காட்சியைப் பற்றியவை. காட்சியில் பிழை நேர்ந்தால் திருத்திக்கொள்ளலாம். ஆனால் இதே கணக்கில் நேரும் பிழை திரும்பப்பெற முடியாத இழப்பாகும் இடம் ஒன்று உண்டு.

2011ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள், சிங்கப்பூரில் உருவான முதல் செயற்கைக்கோளான எக்ஸ்-சாட், சென்னைக்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்திய ஏவுகலத்தில் விண்ணேறியது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அதன் உருவாக்கத்தில் முன்னின்றது. 2015ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள், அதே தளத்திலிருந்து ஒரே ஏவுகலத்தில் சிங்கப்பூரின் ஆறு செயற்கைக்கோள்கள் சென்றன. அவற்றுள் பெரியது ஏறத்தாழ 400 கிலோகிராம் எடை கொண்ட டெலியோஸ்-1. அது 550 கிலோமீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு 15 பாகை சாய்ந்த பாதையில் செலுத்தப்பட்டது.

அப்பாதையில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 96 நிமிடங்கள் ஆகும். ஒவ்வொரு சுற்றிலும் கலம் புவியின் நிழலுக்குள் நுழையும். ஞாயிறு பாதையின் தளத்திலேயே இருக்கும் நாள்களில் இந்த இருள் 35 நிமிடங்களுக்கு நீளும். நாளொன்றுக்கு 15 பகல், 15 இரவு. ஓராண்டில் ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட முறை கலம் சூடாகிக் குளிர்கிறது. அங்கே காற்று இல்லை. வெப்பம் வந்து சேரவும் வெளியேறவும் கதிர்வீச்சு ஒன்றே வழி.

இந்நிலையில் கலத்தின் மேற்பூச்சு உயிர்நாடியாகிறது. புவியருகே, வெயிலில் மட்டும் மிதக்கும் ஓர் உருண்டையை எண்ணிப் பார்ப்போம். கரும்பூச்சு பூசினால் அது ஏறத்தாழ 5 பாகை செல்சியஸில் நிலைபெறும். வெயிலைக் குறைவாக ஏற்று வெப்பத்தை நன்றாக வெளிவிடும் வெண்பூச்சு பூசினால் மைனஸ் 80 பாகை அளவுக்கு இறங்கும். பளபளக்கும் தங்கம் பூசினால் என்ன ஆகும்? வெயிலை மிகுதியாகத் திருப்பியனுப்புவதால் குளிரும் என்று நாம் எதிர்பார்ப்போம். மாறாக, அது 150 பாகைக்கும் மேல் சூடேறும். காரணம், தங்கம் சிறிதளவு வெயிலை ஏற்கிறது. ஏற்ற வெப்பத்தைக் கதிர்வீச்சாக வெளிவிடுவதிலோ அதைவிடப் பன்மடங்கு கஞ்சத்தனம் காட்டுகிறது. லிட்டில் இந்தியாவில் பாத்திரக்கடை வாசலில் நெடுநேரம் வெயில் காயும் பித்தளைக் குடத்தைத் தொட்டவர்கள் இதன் ஒரு சிறு பங்கை உணர்ந்திருப்பார்கள். பளபளப்பு வேறு, குளிர்ச்சி வேறு.

மென்பொருளில் இன்னும் இரண்டு வரவுகளைச் சேர்க்க வேண்டும். புவி எதிரொளிக்கும் வெயில் ஒன்று. புவி தன் சொந்த வெப்பத்தால் வெளிவிடும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் மற்றொன்று. புவியின் மேற்பரப்பைச் சராசரியாகக் கொண்டால் இது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 240 வாட். கலம் நிழலுக்குள் இருக்கும்போது முதல் வரவு நின்றுவிடும், இரண்டாவது நிற்காது. ஒளியை மட்டும் எண்ணும் நிரல் இதை அறவே விட்டுவிடும்.

இலித்தியம் அயனி மின்கலத்தை உறைநிலைக்குக் கீழே மின்னேற்றினால் அது பழுதடையும். கலம் நிழலிலிருந்து வெளிப்பட்டதும் ஞாயிற்றுத் தகடுகள் மின்னேற்றத் தொடங்கும்; அத்தருணத்தில் மின்கலத்தின் வெப்பநிலை என்ன என்பதை, கலம் தரையில் இருக்கும்போதே அறிந்திருக்க வேண்டும். ஆகவே பொறியாளர்கள் முதலில் மென்பொருளில் கணக்கிடுகிறார்கள். பின்னர் காற்று நீக்கிய அறையில் கலத்தைச் சூடாக்கியும் குளிர்வித்தும் அக்கணக்கைச் சோதிக்கிறார்கள். விண்ணில் ஏறிய பின் பூச்சை மாற்ற எவரும் செல்ல இயலாது.

நிழலின் ஓரமும் காலத்தின் அடியும்

நிழலைப் பற்றி ஒரு நுட்பம் உண்டு. ஞாயிறு ஒரு புள்ளியன்று; வானில் அரைப் பாகை அகலமுள்ள வட்டம். ஆகவே எந்த நிழலின் ஓரமும் கூர்மையாக இராது. உச்சிவேளையில், ஒரு மீட்டர் உயரத்தில் உள்ள பொருளின் நிழல் ஓரம் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் அகலத்திற்கு மங்கும். பத்து மீட்டர் உயரத்துக் கம்பத்தின் உச்சி நிழல் ஒரு சாண் அளவின் பாதி மங்கும். டெலியோஸ்-1 போன்ற கலம் புவி நிழலின் இந்த மங்கிய ஓரத்தைக் கடக்க ஏறத்தாழ 8 விநாடிகள் ஆகும். அந்த 8 விநாடிகளில் வெயில் படிப்படியாகக் குறைகிறது. மென்பொருள் அதை ஒரே நொடியில் அணைத்துவிட்டால் காட்சியும் கெடும், மின்னாற்றல் கணக்கும் சற்றே பிறழும்.

மற்றொரு கண்ணி காலத்தில் இருக்கிறது. கணினி தொடர்ச்சியாகச் சிந்திப்பதில்லை. அடி அடியாக எண்ணுகிறது. ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள கரிய அலுமினியத் தகடு, அறை வெப்பநிலையில், ஒரு பக்கம் மட்டும் வெறும் விண்வெளியை நோக்கி இருளில் நின்றால், முதல் நிமிடத்திலேயே ஏறத்தாழ 10 பாகை குளிரும். குளிரக் குளிர அது வெளிவிடும் வெப்பமும் குறைவதால் குளிரும் வேகம் தளரும். மென்பொருள் ஒரு நிமிட அடியில் எண்ணினால் இத்தளர்ச்சியைக் காணும். ஆனால் பயனர் காலத்தை விரைவுபடுத்த, நிரலும் ஒரு மணி நேர அடிக்குத் தாவினால் என்ன ஆகும்? முதல் நிமிடத்தின் வேகத்தையே அறுபது நிமிடங்களுக்கும் நீட்டி, 600 பாகை குறைத்து, வெப்பநிலையைத் தனிச்சுழிக்கும் கீழே தள்ளிவிடும். அடுத்த அடியில் அது அபத்தமாகத் துள்ளும். ஒவ்வொரு சமன்பாடும் சரியாக இருந்தும் விடை பொய்யாகும் இடம் இது. விரைந்து செல்ல விரும்பினாலும் குறுகிய அடிகளாகவே நடக்க வேண்டும் என்பது இதன் படிப்பினை.

வகுப்பறைக்குச் சில சோதனைகள்

ஆசிரியர்கள் எந்த மென்பொருளையும் மாணவர்முன் வைக்குமுன் அதைச் சில கேள்விகளால் சோதிக்கலாம். மாணவர்களே சோதித்தால் இன்னும் நன்று.

முதலாவது, நிழலற்ற நண்பகல். சிங்கப்பூரில் மார்ச் 23, 24 தேதிகளையொட்டியும் செப்டம்பர் 19, 20 தேதிகளையொட்டியும் ஞாயிறு உச்சந்தலைக்கு நேராக வரும். அது 12 மணிக்கு வாராது. 1 மணியையொட்டி வரும். 1982ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து நம் கடிகாரங்கள் கிழக்கே உள்ள நேரத்தைக் கடைப்பிடிப்பதே காரணம். அந்நாளில் திறந்த வெளியில் ஒரு கோலை நட்டு, அதன் நிழல் அடியில் சுருங்கி மறைவதைக் காணலாம். லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீடுகளில் ஐந்தடிப் பாதைக்கு உள்ளே வெயில் நுழையாததையும் காணலாம். மென்பொருளில் அதே இடத்தையும் நேரத்தையும் இட்டால் அதே காட்சி வர வேண்டும்.

இரண்டாவது, வெள்ளியும் புதனும். எது மிகுதியாகச் சுடுகிறது என்று மென்பொருளைக் கேளுங்கள். மூன்றாவது, புளூட்டோவின் பகல். அங்கே திரை காரிருளாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். நான்காவது, 2019ஆம் ஆண்டின் கிரகணம். திரை எவ்வளவு இருள்கிறது என்று பாருங்கள். அன்று வெளியே இருந்த பெற்றோரையும் தாத்தா பாட்டியையும் கேட்டு ஒப்பிடுங்கள்.

இச்சோதனைகளைத் தமிழில் நடத்தும்போது இரண்டு சொற்களில் விழிப்பு வேண்டும். வெப்பம் என்பது ஆற்றல். வெப்பநிலை என்பது ஒரு பொருள் இருக்கும் நிலை. பேச்சில் இரண்டையும் சூடு என்று சொல்லிவிடுகிறோம். அதனால்தான் விண்வெளி குளிரானது, ஆகவே கலம் உடனே உறையும் என்ற தவறான எண்ணம் மாணவரிடம் எளிதில் வேரூன்றுகிறது. விண்வெளியின் வெறுமையில் தொட்டுக் குளிர்விக்க ஏதுமில்லை. அங்கே ஒரு பொருள் சூடாவதும் குளிர்வதும் அது எவ்வளவு வெயிலை ஏற்கிறது, எவ்வளவு வெப்பத்தை வெளிவிடுகிறது என்பதைப் பொறுத்ததே. சொல் தெளிந்தால் கருத்தும் தெளியும்; கருத்து தெளிந்த மாணவர் எந்த மொழியில் நிரல் எழுதினாலும் தடுமாறமாட்டார்.

பொய்யான வானமும் மெய்யான வானமும் திரையில் ஒன்றுபோலவே அழகாக இருக்கும். அழகைக் கொண்டு அவற்றைப் பிரித்தறிய இயலாது. கேள்வியைக் கொண்டே பிரித்தறிய இயலும். நாளை சிங்கப்பூரின் ஒரு செயற்கைக்கோளுக்கு மின்கலத்தின் வெப்பநிலையைக் கணக்கிடப் போகிறவர் இன்று நம் வகுப்பில் இருக்கக்கூடும். திரையில் தோன்றும் ஞாயிற்றைக் கண்டு வியப்பதோடு நில்லாமல், இதன் வெயில் எவ்வளவு என்று கேட்கும் பழக்கத்தை அவருக்கு இப்போதே ஊட்டுவோம். அடுத்த மார்ச் மாதத்தில், 1 மணி அளவில், ஒரு கோலோடு வெளியே சென்று அதைத் தொடங்கலாம்.